ஆயிரம் மாதங்களும் ஆயிரம் நாட்களும்



எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பின் நேயர்களே! பெற்றோர்களே! இளைய தலைமுறையைச் சேர்ந்த சகோதர சகோதரிகளே!

இன்று நாம் ஓர் எண்ணைப் பற்றிச் சிந்திக்கவிருக்கின்றோம். அது ஆயிரம் என்னும் எண். ஓர் எண்ணைப் பற்றி உரையாற்றுவதற்கு என்ன இருக்கின்றது என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் நமது வாழ்வு இன்று எண்களாலேயே அளக்கப்படுகின்றது. வெளிநாட்டில் உழைப்பவர் மாதம் எத்தனை ஆயிரம் அனுப்புகிறார் என்று கேட்கின்றோம். கைத்தொலைபேசியில் தம்மைப் பின்தொடர்வோர் ஆயிரத்தை எட்டிவிட்டனரா என்று நம் இளைஞர்கள் நள்ளிரவிலும் எடுத்துப் பார்க்கின்றனர். பெரிய எண்ணைக் கண்டால் மனம் மயங்குகின்றது. சிறிய எண்ணைக் கண்டால் சோர்ந்துவிடுகின்றது. இந்த மயக்கத்தையும் சோர்வையும் அல்குர்ஆன் எவ்வாறு நேர்செய்கின்றது, அறிவியல் அதற்கு என்ன துணை தருகின்றது என்பதை மட்டக்களப்பு வாவியை அண்டி வாழும் நாம் நம் வீட்டு நிலைமையோடு பொருத்திப் பார்ப்பது பயனுள்ளது.

பேச்சில் வாழும் ஆயிரம்

தமிழில் ஒன்றுக்கும், பத்துக்கும், நூறுக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருந்தது போலவே ஆயிரத்துக்கும் ௲ என்ற தனிக் குறியீடு இருந்தது. அதனினும் மேலாக, தமிழர் நாவில் ஆயிரம் என்பது நிறைவின் பெயராக வாழ்கின்றது. திருமணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்கின்றோம். சிறந்த மனிதரை ஆயிரத்தில் ஒருவர் என்கின்றோம். மதுரையில் ஆயிரங்கால் மண்டபம் என்று வழங்கும் மண்டபத்தின் தூண்களை எண்ணியவர்கள் 985 என்று கணக்குச் சொல்கின்றனர். அதனால் மண்டபத்தின் பெயரை எவரும் மாற்றவில்லை. மிகப் பல என்ற பொருளிலேயே மக்கள் ஆயிரம் என்றனர்.

அரபு மொழியில் ஆயிரத்தின் பெயர் அல்ஃப். முதல் எழுத்தின் பெயர் அலிஃப். உயிர்க்குறிகளை நீக்கிப் பார்த்தால் இவ்விரண்டும் அதே மூன்று எழுத்துக்களால் எழுதப்படுகின்றன. அரபிகள் எழுத்துக்களுக்கு எண் மதிப்பு வழங்கிய அப்ஜத் முறையில் அலிஃப் ஒன்றைக் குறிக்கும். ஙைன் என்னும் எழுத்து ஆயிரத்தைக் குறிக்கும். இதிலே மறைபொருள் எதுவும் இல்லை. எண்களில் அதிர்ஷ்டம் தேடுவோருக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. ஒன்றின் எழுத்தும் ஆயிரத்தின் பெயரும் எழுத்தில் ஒன்றாகவே தோன்றுகின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

நம் தமிழ் பேசும் முஸ்லிம்களின் இலக்கிய வரலாறும் இந்த எண்ணோடுதான் தொடங்குகின்றது. இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களில் மிகப் பழையது 1572 ஆம் ஆண்டு வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா என்னும் நூல். மசலா என்பது வினா எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். மதீனாவின் யூத அறிஞராக இருந்து இஸ்லாத்தை ஏற்ற அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வினாக்கள் தொடுத்து விடைபெறும் கதை மரபே அதன் பொருள். இதே ஆயிரம் வினாக்களின் கதை 1143 இல் இலத்தீனுக்குச் சென்றது. பாரசீகம், மலாய், ஜாவா மொழிகளிலும் வழங்கியது. மொழிக்கு மொழி வினாக்களின் தொகை மாறியது. ஆயிரம் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. கேட்க வேண்டியவை அனைத்தும் என்பதே அங்கு ஆயிரத்தின் பொருள். கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்கும் பெற்றோர், நம் முன்னோரின் முதல் பெரும் நூலே கேள்விகளின் நூல் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

அறிவியலிலும் இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. மரவட்டை இனத்துக்கு ஐரோப்பியர் இட்ட பெயரின் பொருள் ஆயிரம் கால் என்பதாகும். ஆனால் அறியப்பட்ட எந்த மரவட்டைக்கும் நீண்ட காலமாக ஆயிரம் கால்கள் இருக்கவில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 60 மீற்றர் ஆழத்து நிலத்துளையில் கிடைத்த ஓர் இனத்துக்கு 1,306 கால்கள் இருப்பதாக 2021 டிசம்பரில்தான் ஆய்வாளர்கள் அறிவித்தனர். பல நூற்றாண்டுகள் பழைமையான அந்தப் பெயர் அன்றுதான் உண்மையாயிற்று.

உருண்டையான எண்ணை உருவாக்கியது யார்?

ஆயிரம் ஏன் முழுமையான எண்ணாகத் தோன்றுகின்றது? அல்லாஹ் நமக்குப் பத்து விரல்களைத் தந்திருக்கின்றான். அவற்றைக் கொண்டு எண்ணிப் பழகிய மனிதன், பத்தைப் பத்தால் பெருக்கி நூறு என்றான். நூறைப் பத்தால் பெருக்கி ஆயிரம் என்றான். எட்டு விரல்களோடு நாம் படைக்கப்பட்டு எட்டெட்டாக எண்ணியிருந்தால், ஒன்றும் மூன்று பூச்சியங்களும் சேர்ந்த எண் 512 பொருட்களையே குறித்திருக்கும். கணினி இரண்டிரண்டாக எண்ணுகின்றது. ஆகவே அதற்கு 1,000 வட்டமான எண்ணன்று, 1,024 தான் வட்டமான எண்.

1795 இல் பிரான்ஸ் தேசம் புதிய அளவை முறையைச் சட்டமாக்கியபோது, ஆயிரத்துக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து கிலோ என்ற முன்னொட்டை எடுத்துக்கொண்டது. நாம் கடையில் அரிசி நிறுக்கும் கிலோகிராமும், காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு அளக்கும் கிலோமீற்றரும் அதன் பிள்ளைகள். இந்த வானொலியும் அதே அளவையிலேயே இயங்குகின்றது. ஒலிபரப்பு நிலையத்தில் கருவிகளைச் சோதிக்கும் 'பீப்' என்ற ஒலி பொதுவாக ஒரு கிலோ ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு ஆயிரம் அதிர்வுகள். 100 மெகா ஹேர்ட்ஸ் பண்பலையில் ஒரு நிலையம் ஒலித்தால், அந்த அலை வினாடிக்குப் பத்துக் கோடி முறை அதிர்கின்றது. அவ்வளவு பெரிய எண் நம் செவியைக் கடந்து போகின்றது, நாம் உணர்வதில்லை. அதில் ஏற்றிவரப்படும் செய்திதான் நமக்குப் பயன் தருகின்றது. செய்தி இல்லையென்றால் பத்துக் கோடி அதிர்வும் வெறும் இரைச்சலே.

வட்டமான ஆண்டுகளைக் கண்டு அஞ்சியவர்களும் எதிர்பார்த்தவர்களும் வரலாற்றில் உண்டு. ஹிஜ்ரி 1000 ஆம் ஆண்டு 1591 ஒக்டோபரில் பிறந்தது. அதனை முன்னிட்டு முகலாயப் பேரரசர் அக்பர், இஸ்லாத்தின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைத் தாரீகே அல்ஃபீ என்ற பெயரில் எழுதுமாறு 1580களில் பணித்தார். பெரிய மாற்றம் நிகழும் என்று பலர் காத்திருந்தனர். அந்த ஆண்டு வந்தது, சென்றது. அக்காலத்தில் வாழ்ந்து 1624 இல் மறைந்த ஷைக் அஹ்மத் ஸிர்ஹிந்தி (ரஹ்) அவர்களை முஜத்தித் அல்ஃபே ஸானி, அதாவது இரண்டாம் ஆயிரத்தின் சீர்திருத்தவாதி என்று பின்வந்தோர் அழைத்தனர். அவர் பெற்ற அச்சிறப்புக்கு ஆண்டின் பூச்சியங்கள் காரணமல்ல. அவரது உழைப்பே காரணம். 2000 ஆம் ஆண்டு பிறந்தபோதும் கணினிகள் யாவும் குழம்பிவிடும் என்று உலகம் அஞ்சியது. ஆண்டை இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்த நிரல்களைத் திருத்திக்கொண்டார்கள். விடிந்தது, உலகம் வழமை போலச் சுழன்றது.

ஆகவே, நேயர்களே, எண்ணுக்கென்று தனியாக ஒரு வலிமை இல்லை. அதில் எதை நிரப்புகின்றோம் என்பதில்தான் அதன் கனம் தங்கியிருக்கின்றது.

ஆயிரத்துக்குள் மறையும் ஒன்று

பெரிய எண்ணுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அது மனிதரை மறைத்துவிடும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக் கரைகளிலும், மட்டக்களப்பின் கரையோரக் கிராமங்களிலும் முஸ்லிம்களும் தமிழர்களும் ஒரே நாளில் தம் உறவுகளை இழந்தனர். உலகச் செய்திகளில் அது ஒரு தொகை. ஆனால் எந்தத் தாயும் ஆயிரங்களில் அழவில்லை; ஒரு பெயரைச் சொல்லியே அழுதாள். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தபோது கொல்லப்பட்ட நூறுக்கும் மேற்பட்டோரையும் இவ்வூர் ஒரு தொகையாக நினைவுகூர்வதில்லை. இவர் இன்னாருடைய வாப்பா, இவர் இன்னாருடைய மகன் என்றே நினைவுகூர்கின்றது.

அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொன்றதற்கு ஒப்பாகும், ஓர் உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைத்ததற்கு ஒப்பாகும் என்ற கருத்தை ஸூரதுல் மாஇதா நமக்குக் கற்பிக்கின்றது. அல்லாஹ்விடத்தில் ஒன்று சிறிய எண்ணன்று. அலிஃப் என்ற ஒன்றின் பெயரும் அல்ஃப் என்ற ஆயிரமும் ஒரே எழுத்துக்களால் எழுதப்படுவதை நாம் இங்கு நினைவுகொள்ளலாம். ஒன்றை மதிக்கத் தெரியாதவருக்கு ஆயிரத்தின் மதிப்பும் விளங்காது.

ஆயிரம் ஆண்டுகள், ஆயிரம் மாதங்கள்

இனி அல்குர்ஆனில் ஆயிரம் இடம்பெறும் சில இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஸூரதுல் பகரா. இவ்வுலக வாழ்வின் மீது பேராசை கொண்டோரைப் பற்றி அங்கு கூறப்படுகின்றது. அவர்களில் ஒவ்வொருவரும் ஆயிரம் ஆண்டுகள் வாழ ஆசைப்படுகின்றனர். அவ்வளவு ஆயுள் கொடுக்கப்பட்டாலும் அது அவர்களை வேதனையிலிருந்து தப்புவிக்காது என்பது அதன் கருத்து. இங்கே ஆயிரம் என்பது வெறும் நீளம். உள்ளே ஒன்றும் இல்லை.

இரண்டாவது, ஸூரதுல் அன்கபூத். நபி நூஹ் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடையே ஆயிரத்தில் ஐம்பது குறைவான ஆண்டுகள் தங்கியிருந்தார்கள் என்று அங்கு சொல்லப்படுகின்றது. 950 ஆண்டுகள்! அத்தனை காலம் இரவும் பகலும் அழைப்புப் பணி செய்தும் அவர்களை ஏற்றுக்கொண்டோர் சொற்பமானவர்களே என்று ஸூரா ஹூத் தெரிவிக்கின்றது. இளைஞர்களே! பின்தொடர்வோரின் எண்ணிக்கையால் ஒருவரின் தகுதியை அளப்பதென்றால், இந்தப் பெருமைக்குரிய நபியைப் பற்றி நாம் என்ன சொல்வது? அல்லாஹ் அவர்களை உறுதிமிக்க தூதர்களின் வரிசையில் வைத்தான். கைத்தொலைபேசித் திரையில் ஏறி இறங்கும் எண் உங்கள் பெறுமதியைத் தீர்மானிக்க விடாதீர்கள்.

மூன்றாவது, ஸூரதுல் கத்ர். ரமழானின் ஓர் இரவு ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்தது என்று அல்லாஹ் அங்கே அறிவிக்கின்றான். ஆயிரம் மாதங்களைப் பன்னிரண்டால் வகுத்தால் 83 ஆண்டுகளும் நான்கு மாதங்களும் வரும் என்பதை நாம் மிம்பர்களில் அடிக்கடி கேட்டிருக்கின்றோம். ஆனால் அவை பிறைக் கணக்கிலான ஆண்டுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்குச் சராசரியாக 29 நாட்கள், 12 மணித்தியாலம், 44 நிமிடங்கள் ஆகின்றன என்று வானியல் கூறுகின்றது. ஆகவேதான் நம் மாதங்கள் சில 29 நாட்களிலும் சில 30 நாட்களிலும் முடிகின்றன. ஆயிரம் மாதங்களைச் சேர்த்தால் ஏறத்தாழ 29,530 நாட்கள். நம் சுவரில் தொங்கும் நாட்காட்டியின்படி அது 80 ஆண்டுகளும் பத்து மாதங்களும்.

தமிழர் மரபிலே எண்பது வயது கடந்தவரை ஆயிரம் பிறை கண்டவர் என்று போற்றுவதன் காரணமும் இந்தக் கணக்குத்தான். காத்தான்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. மாதம் பிறக்கும் மாலையில் வாவிக்கு மேலே மேற்கு வானில்தான் பிறையைத் தேடுகின்றோம். வாவியின் அக்கரையில் வாழும் தமிழ்ச் சகோதரர்களும் அதே பிறையையே காண்கின்றனர். ஒருவர் பிறந்தது முதல் ஒரு பிறையும் தவறாமல் கண்டு வந்தால், ஆயிரமாவது பிறையைக் காண எண்பது வயதைத் தாண்ட வேண்டும். நம் நாட்டின் சராசரி ஆயுளைவிட அது அதிகம். ஆயிரம் மாதம் என்பது, நிறைவாக வாழ்ந்த ஒரு மனிதரின் முழு ஆயுள் என்பதே இதன் சுருக்கம். அரபு வழக்கில் ஆயிரம் என்பது மிகப் பெரும் தொகையைக் குறிக்கும்; ஆகவே கணக்குப் போடாமல் மிகமிக அதிகம் என்று பொருள் கொள்ள வேண்டும் என விளக்கிய முபஸ்ஸிர்களும் உளர். எப்படிப் பொருள் கொண்டாலும் கருத்து ஒன்றே.

அந்த ஓர் இரவு எவ்வளவு நீளம்? நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மஃரிப் முதல் ஸுபஹ் வரை பத்து முதல் பதினொரு மணித்தியாலங்களே. நிமிடங்களாக மாற்றினால் அறுநூறுக்குச் சற்று அதிகம். ஆயிரம் நிமிடங்கள் கூட நிறையாத ஓர் இரவு, ஆயிரம் மாதங்களை மிஞ்சுகின்றது! இதுதான் பரகத் என்பது. நபி (ஸல்) அவர்கள் அவ்விரவை ரமழானின் கடைசிப் பத்தில், ஒற்றை இரவுகளில் தேடுமாறு பணித்தார்கள். ஆனால் அந்தப் பத்து இரவுகளில் நம் ஊர்ப் பிரதான வீதிகளைப் பாருங்கள். பெருநாள் உடுப்புக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகின்றோம். பள்ளிவாசலின் கடைசி வரிசையில் நம் இளைஞர்கள் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் தலைகுனிந்து இருக்கின்றனர். ஆயிரம் மாதங்களைச் சில ஆயிரம் ரூபாய்த் துணிக்கும், சில நூறு படங்களுக்கும் விற்றுவிடுகின்றோம். உடுப்பை ரமழானின் முதற் பகுதியிலேயே வாங்கி முடித்துவிட்டால் என்ன? ஒவ்வொரு குடும்பமும் இவ்வாண்டு எடுக்கக்கூடிய எளிய தீர்மானம் இது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஓர் இரவு ஆயிரம் மாதங்களுக்குச் சமம் என்றால் மற்ற நாட்களில் தொழாமல் இருக்கலாமா என்று கேட்போர் உண்டு. அது கணக்கை வியாபாரமாக்குவது. மதீனாப் பள்ளியில் ஒரு தொழுகை, மக்காவின் ஹரம் நீங்கலாக ஏனைய பள்ளிகளில் ஆயிரம் தொழுகைகளைவிடச் சிறந்தது என்று ஸஹீஹான ஹதீஸ் உண்டு. அதனால் மதீனாவில் தொழுத ஸஹாபாக்கள் எவரும் தம் கணக்கு நிறைந்துவிட்டது என்று மறுநாள் வீட்டில் இருந்துவிடவில்லை. அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பதும் நபிமொழியே.

ஆயிரம் நாட்கள்

பெற்றோர்களே! இப்போது உங்களுடன் பேச வேண்டியிருக்கின்றது.

அண்மைக் காலத்தில் மருத்துவ அறிவியலும் ஓர் ஆயிரத்தைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தது. தாயின் கருவில் பிள்ளை வளரும் காலம் சுமார் 270 நாட்கள். பிறந்த பின் இரண்டு ஆண்டுகள் 730 நாட்கள். கூட்டினால் ஆயிரம். 2008 ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொடர், கருவில் தொடங்கி இரண்டு வயது வரையான இக்காலமே போசாக்கின் தீர்மானமான காலம் என்று எடுத்துக்காட்டியது. 2010 முதல் ஆயிரம் நாட்கள் என்ற பெயரிலேயே இது உலக இயக்கமாயிற்று. மூளை வளர்ச்சியின் பெரும் பகுதி இந்நாட்களில் நிகழ்கின்றது. இக்காலத்தில் ஏற்படும் போசாக்குக் குறைவால் குன்றிய உயரத்தையும் ஆற்றலையும் பின்னர் முழுமையாக ஈடுசெய்வது மிகக் கடினம்.

அல்குர்ஆன் பாலூட்டும் காலத்தை முழுமைப்படுத்த விரும்பும் தாய்மாருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று கூறுகின்றது. உலக சுகாதார நிறுவனமும் முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும், பின்னர் ஏனைய உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று அறிவுறுத்துகின்றது. தாய்க்கும் பிள்ளைக்குமான உணவு, உடைப் பொறுப்பை அதே வசனம் தந்தையின் மீது சுமத்துகின்றது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

நம் பகுதியில் நடப்பதைப் பாருங்கள். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது கிழக்கிலங்கையின் ஆழ வேரூன்றிய வழக்கம். அதற்காகவும், பட்ட கடனுக்காகவும் இளம் தந்தை மத்திய கிழக்குக்குப் புறப்படுகின்றார். ஒப்பந்தம் பொதுவாக இரண்டு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகள் என்றால் 730 நாட்கள். பிள்ளையின் ஆயிரம் நாட்களில் பிறந்தபின் உள்ள நாட்கள் எத்தனை? அதே 730! மனைவி கருவுற்றிருக்கையில் புறப்பட்டவர் திரும்பி வரும்போது, பிள்ளை வாப்பாவைக் கண்டு அந்நியர் என்று உம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கின்றது. வீட்டின் தூண்கள் எழும்பிவிட்டன. பிள்ளையின் ஆயிரம் நாட்கள் முடிந்துவிட்டன.

புறப்பட்டவரை நாம் குறை கூறவில்லை. ஹலாலான உழைப்பு இபாதத். போகாமல் முடியாத நிலை பலருக்கு உண்டு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளின் பின் குடியேறவிருக்கும் வீட்டுக்கு இன்று சீமெந்து வாங்குகின்றோம். இன்று வளரும் எலும்புக்கும் இரத்தத்துக்கும் என்ன வாங்குகின்றோம்? பெண் வீட்டாரிடம் வீடும் இலட்சங்களும் எதிர்பார்க்கும் மாப்பிள்ளை வீட்டார், தாம் கேட்கும் தொகை ஒரு குழந்தையின் தட்டிலிருந்து எடுக்கப்படுகின்றது என்பதை அறிவார்களா? திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்கின்றோம். அதன் வேருக்கு நீர் ஊற்றாமல் வேலிக்கு வர்ணம் பூசுகின்றோம். இளைஞர்களே, இந்தச் சுமையை இறக்கும் சக்தி உங்கள் வாயின் ஒரு சொல்லில் உள்ளது. மஹர் கொடுப்பவன் ஆண் என்பதை அறிந்து, வீடு வேண்டாம், சீதனம் வேண்டாம் என்று சொல்லும் ஒருவர், தமக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளையின் ஆயிரம் நாட்களை இன்றே காப்பாற்றுகின்றார்.

செய்யக்கூடியவை

இவ்வளவும் கேட்ட பின் வீட்டில் என்ன செய்வது என்று சிந்திப்போம்.

கருவுற்றது தெரிந்தவுடனேயே குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவு செய்யுங்கள். அச்சகோதரி வீடு தேடி வருபவர். கிளினிக்குக்கு மனைவியைத் தனியே அனுப்பாமல், ஊரில் இருக்கும் கணவர் உடன் செல்லட்டும். அங்கு தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளை அலுமாரியில் அடுக்கி வைக்க வேண்டாம். சாப்பாட்டோடு தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஆகவே தேநீரை ஓரிரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். 1973 இல் நம் நாட்டில் தொடங்கிய திரிபோஷாத் திட்டத்தின் பொதி தாய்க்கென்று தரப்பட்டால், அது தாய்க்கே உரியது; வீட்டார் அனைவருக்கும் பங்கிட்டால் உரியவருக்குப் போதாது.

போசாக்கு என்றால் விலையுயர்ந்த மாப்பெட்டி என்று எண்ண வேண்டாம். வாவியும் கடலும் தரும் சிறு மீன்களை முள்ளோடு நன்கு மசித்துக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். முருங்கை இலை வேலியில் வளர்கின்றது. முட்டை ஊரில் கிடைக்கின்றது. ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்குத் தண்ணீர் போன்ற கஞ்சியை மட்டும் கொடுத்து வயிற்றை நிரப்பாமல், கெட்டியாகப் பிசைந்த உணவைக் கொடுங்கள். எடை பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். பதிவேட்டில் கோடு தாழ்ந்தால் வெட்கப்படாமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஆலோசனை கேளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து இந்த உரையின் கருத்தை வீட்டார் வழியாகக் கேட்கும் தந்தையரே! அனுப்பும் பணத்தில் கட்டடத்துக்கு முன் பிள்ளையின் உணவுக்கென்று ஒரு பங்கை முதலில் ஒதுக்குமாறு சொல்லுங்கள். தொலைபேசியில் வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்குமுன், பிள்ளை இன்று என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். உங்கள் குரலைப் பிள்ளை தினமும் கேட்கட்டும். ஒவ்வொருவரும் பொறுப்பாளர்கள், தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் வினவப்படுவர் என்ற நபிமொழி கடல் கடந்தவருக்கும் பொருந்தும்.

நிறைவாக

அன்பின் நேயர்களே! ஆயிரம் நாட்கள் என்பது ஏறத்தாழ 34 பிறைகள். ஆயிரம் மாதங்கள் என்பது ஒரு மனித ஆயுள். ஓர் ஆயுளின் அடித்தளம் அந்த 34 பிறைகளில் இடப்படுகின்றது. ஓர் ஆயுளைவிட மேலான நன்மை ஓர் இரவில் அடங்கியிருக்கின்றது. இரண்டுமே வந்து கொண்டிருக்கையில் ஆரவாரம் செய்வதில்லை. தவறிப் போன பின்னரே நாம் அவற்றை எண்ணிப் பார்க்கின்றோம். அல்லாஹ்விடத்தில் ஒரு நாள் நம் கணக்கில் ஆயிரம் ஆண்டுகள் போன்றது என்று ஸூரதுல் ஹஜ் சொல்கின்றது. அந்தக் கணக்கில் நம் ஆயுள் முழுவதும் இரண்டு மணித்தியாலம் கூட இல்லை. அவ்வளவு சிறிய காலத்தை எதைக் கொண்டு நிரப்புகின்றோம் என்பதே நாளை நம்மிடம் கேட்கப்படும்.

யா அல்லாஹ்! எங்கள் நாட்களில் பரகத் செய்வாயாக! கருவில் உள்ள பிள்ளைகளையும் மடியில் உள்ள பிள்ளைகளையும் பாதுகாப்பாயாக! தூர தேசங்களில் உழைக்கும் எங்கள் தந்தையரையும் சகோதரர்களையும் நலமாக வீடு சேர்ப்பாயாக! எங்கள் இளைஞர்களின் உள்ளங்களை எண்ணிக்கையின் மயக்கத்திலிருந்து காப்பாயாக! ஆயிரம் மாதங்களிலும் மேலான அந்த இரவை விழித்த கண்களோடும் விழித்த உள்ளத்தோடும் அடையும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.